லில்லா நினைவுக் கோப்பை

ஒன்பதாம் எண் மரமேடையில் இரண்டு மடக்கு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் கெலெமென் ஒட்டோ உட்கார்ந்திருந்தார். மற்றதில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி தன் தொப்பியை வைத்திருந்தார்.

புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்காக வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஹங்கேரியக் குளத்தில் நடக்கும் தூண்டில் தினம் அது. மற்ற மேடைகளிலெல்லாம் பிள்ளையும் பெற்றவருமாக உட்கார்ந்து, வேகவைத்த சோளத்தை இரையாகத் தூண்டில் முள்ளில் குத்திக்கொண்டிருந்தார்கள். தனியாக வந்தவர் ஒட்டோ மட்டும்தான்.

அவர் மடியில் ஊதா நிறத் தூண்டில் ஒன்று இருந்தது. போன வருஷம் கொண்டுவந்ததைவிட ஒரு சாண் நீளம், விலைச்சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

மீன்பிடிச் சங்கத் தலைவர் வட்கெர்ட்டி பர்னபாஷ் மேடை மேடையாக வாழ்த்திக்கொண்டு வந்தார். பின்னாலேயே புகைப்படக்காரர். தலைவர் மீனைத் தொட்டு இருபது வருஷமாகிறது. நாற்றம் கோட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குக் கவலை. ஆனால் உறுப்பினர் ஒருவர் செத்துப்போனால் அவர் பெயரில் நினைவுக் கோப்பை அறிவிப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த ஒரு குளத்துக்கே பதினொரு கோப்பைகள். உயிரோடிருக்கிற யார் பெயரிலும் ஒரு டம்ளர்கூடக் கிடையாது.

ஒன்பதாம் மேடைக்கு வந்ததும் தலைவர் நாற்காலியைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார்.

"லில்லா எங்க, ஒட்டோ?"

"இந்த வருஷம் அவ வரல, தலைவரே. நான் மட்டும்தான்..."

"வேணாம். சொல்லாதீங்க." தலைவர் அவர் தோளை அழுத்தினார். முகம் கேமராவில் விழும் பக்கமாகத் திரும்பிக் கண் கலங்கினார். ஒட்டோ மறுபடி வாயைத் திறப்பதற்குள், துக்கம் தாங்காதவர் போல அடுத்த மேடைக்கு நகர்ந்துவிட்டார்.

அடுத்த மேடையில் டோர்கா. எட்டு வயது, தலையில் மஞ்சள் துணி. காலையிலேயே இரண்டு கெண்டைக் குஞ்சு பிடித்துவிட்ட தெம்பில் ஒட்டோவை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் தக்கையைப் பார்த்து மீனெல்லாம் கைகொட்டிச் சிரிப்பதாகச் சொன்னாள். தன் பதிமூன்று வயது மகள் லில்லா இதைவிட மோசமாகத் தூண்டில் வீசுவாள் என்று ஒட்டோ ஆறுதல் சொல்லிக்கொண்டார்.

அந்த அக்காவுக்கும் நெஞ்சில் மருந்து ஏற்றும் குழாய் இருந்ததா என்று டோர்கா கேட்டாள். இருந்தது என்றார். சிவப்பு மருந்தா என்றாள். அதேதான் என்றார். டோர்காவுக்கு அந்த அக்காவை உடனே பிடித்துப்போயிற்று. அவள் இப்போது எங்கே என்று கேட்க வாயெடுத்தபோது தக்கை அமிழ்ந்தது. மீன் வந்தது, கேள்வி போயிற்று.

நண்பகலில் மீன் சூப் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கினார்கள். யாரும் கரண்டியைத் தொடுவதற்குள் தலைவர் மைக்கில் தொண்டையைச் செருமி, எல்லோரையும் அவரவர் மேடையிலேயே எழுந்து நிற்கச் சொன்னார்.

போன வருஷம் நம்மோடு இருந்த குட்டி தேவதை லில்லா இன்று நம்மிடையே இல்லை என்றார். அடுத்த வருஷத்திலிருந்து லில்லா நினைவுக் கோப்பை வழங்கப்படும் என்றார். செலவு சங்கத்துடையது, யோசனை தன்னுடையது என்பதையும் விட்டுவிடாமல் சொன்னார். பிறகு ஒரு நிமிட மௌனம்.

அங்கே எந்தச் சங்கக் கூட்டமும் செத்தவர்களுக்காக எழுந்து நிற்காமல் தொடங்குவதில்லை. நிற்பவர்கள் இன்றைக்குப் பிள்ளைகள் என்பதுதான் தலைவர் கண்ணில் படவில்லை. தாய்மார்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

ஒட்டோ கையை உயர்த்தினார். சங்கச் செயலாளர் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, அழுதால் பரவாயில்லை என்று காதோடு சொன்னார்.

டோர்கா நூலைச் சுருட்டித் தூண்டிலைக் கீழே வைத்தாள். சூப் வேண்டாம் என்றாள். வீட்டுக்குப் போகலாம் என்றாள். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"மாமா," என்றாள் டோர்கா, ஒட்டோவைப் பார்த்து. "அதே மருந்துன்னு சொன்னீங்களே."

அதற்குள் மைக் ஒட்டோவின் கைக்கு வந்துவிட்டது. லில்லாவைப் பற்றி இரண்டு வார்த்தை, சூப் ஆறிவிடும், சுருக்கமாக இருக்கட்டும் என்றார் தலைவர்.

ஒட்டோ மைக்கைப் பிடித்தபடி நின்றார். இரண்டு வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் கை அவர் கைக்குள்ளேயே கிடந்தது. இப்போது வீட்டில் அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. அதன் முன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. இங்கே எதற்காக வந்தார் என்பதை இத்தனை பேர் நடுவில் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

டோர்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு மட்டும் சொல்வதைப் போல மைக்கில் சொன்னார்:

"லில்லா குணமாயிட்டா, கண்ணு. அப்பாகூட வரத்தான் அவளுக்குப் பிடிக்கல."