காற்றில் ஓடிய குதிரை

மூன்றாவது நாளாகவும் குதிரை வியர்த்து நனைந்து நின்றது. லாயத்தின் பூட்டு முதல்நாள் மாலை போட்டபடியே தொங்கியது. சாவி தெபெலோவின் கழுத்துக் கயிற்றில்.

குதிரைக்குப் பெயர் மொரேனா. தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பிடரி மயிர் முடிச்சு முடிச்சாகச் சிக்கிக் கிடக்க, வயிற்றோரம் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. தெபெலோ ஒரு பிடி புல்லை நீட்டினான். மோந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரோ ராத்திரி பூரா ஓட்டியிருக்காங்க," என்றான்.

"பூட்டின கதவுக்குள்ள புகுந்தா?" வாசலில் நின்ற மாபசேகா கேட்டாள்.

அவன் அவளையே பார்த்தான். செத்துப்போன அண்ணனின் மனைவி. சனிக்கிழமை விருந்து வைத்து, துக்கத்துக்கு அவள் போட்டிருக்கும் கறுப்புத் துணியை அவிழ்த்ததும், அவளைத் தம்பி தெபெலோவுக்கே கட்டிக்கொடுத்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அவளைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் அவள் ஒரு மூட்டையோடு நடந்தே கிளம்பிவிட்டாள். பஸ் வரும் சாலைக்கு மலையிறங்க ஏழு மணி நேரம். ஆற்றைத் தாண்டுவதற்குள் மொரேனா மேலேறிப் போய் மடக்கிக் கொண்டுவந்துவிட்டான் தெபெலோ. அடுத்த முறை குதிரையிலேயே போய்விடுவாளோ என்று அன்றே லாயத்துக்குப் பூட்டு வாங்கினான்.

அதற்குப் பிறகும் இது எப்படி? பள்ளத்தாக்கைத் தாண்டி ஆள் அனுப்பி நாட்டு வைத்தியர் செலோவை வரவழைத்தான்.

செலோ குதிரையின் நாக்கைப் பார்த்தார், கால்களைத் தடவினார், குளம்பு ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி அப்படி ஒரு மழை. குளம்புல ஒரு பொட்டுச் சேறு இல்லையே."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"இது மண்ணுல ஓடல. காத்துல ஓடியிருக்கு." செலோ குரலைத் தாழ்த்தினார். "சூனியக்காரி ஏறிப் போயிருக்கா. இப்படியே விட்டா சனிக்கிழமைக்கு விருந்து இருக்கும், குதிரை இருக்காது."

"என்ன பண்ணலாம்?"

"உள்ள உக்காந்து பிடி. ஆனா கதவு எப்பவும் போல வெளியில பூட்டியிருக்கணும். இல்லேன்னா மோப்பம் பிடிச்சுடுவா. விடிஞ்சதும் நான் வந்து பாக்கறேன்."

மத்தியானம் சோளக்களியும் கீரையும் வைத்தாள் மாபசேகா. ஒரு வாய் தின்றவன் முகத்தைச் சுளித்தான்.

"கீரையில உப்பே இல்ல."

"தீர்ந்துபோச்சு. என்னைத்தான் கடைக்குக்கூட விடமாட்டியே."

சாப்பிட்டு முடித்துவிட்டு லாயத்தை மறுபடி சுற்றி வந்தான். கல்சுவர், தகரக்கூரை, ஒரே கதவு. அடுக்களைப் பக்கச் சுவரில் தீவனம் தள்ள ஒரு கம்பிச் சாளரம். அதில் கை நுழையும், ஆள் நுழைய முடியாது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. சாவியை அவளிடமே கொடுத்துவிட வேண்டும். சூனியக்காரி அவளாக இருந்தால் கை சும்மா இருக்காது, திறந்துகொண்டு வருவாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். அதன்பிறகு சனிக்கிழமையும் சரி, அடுத்து வரும் நாட்களிலும் சரி, அவன் முன்னால் அவள் வாய் திறக்க முடியாது.

வெளிச்சம் இருக்கும்போதே கம்பளியைப் போர்த்துக்கொண்டு, உருட்டுக்கட்டையோடு லாயத்துக்குள் போனான்.

"சாவி எங்கிட்டயா?" என்றாள் மாபசேகா.

"வேற யாரு இருக்கா இந்த வீட்டுல? பூட்டிட்டுப் போய்ப் படு."

"உள்ள பயமா இருந்தா?"

"பயம் எனக்கில்ல. பூட்டு."

பூட்டு விழுந்தது. வைக்கோல் மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். குதிரையின் சூடும் சாணி வாடையுமாக உள்ளே காற்றே இல்லை. கதவிடுக்கில் ஒரு கோடு வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

அடுக்களையில் பானை கொதிக்கும் சத்தம் கேட்டது. மொரேனாவின் காதுகள் நிமிர்ந்தன. காலையில் நிற்கமாட்டாமல் நின்ற குதிரை, யாரும் கூப்பிடாமலே சாளரத்தை நோக்கி நடந்து, கம்பியோடு ஒட்டிப் பக்கவாட்டில் நின்றது.

கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வந்தது. உள்ளங்கை நிறைய சோளம். குதிரை ஆவலாக மொறுமொறுவென்று தின்றது. இன்னொரு கை ஒரு குவளையை நீட்டி, வெதுவெதுப்பான தண்ணீரை அதன் முதுகோடு ஊற்றியது. ஆவி பறந்தது. தெபெலோவின் உதட்டில் தெறித்த துளி உப்புக் கரித்தது. பிறகு விரல்கள் பிடரி மயிரைப் பிடித்து, நிதானமாக, ஒரு முடிச்சுப் போட்டன.

தெபெலோ எழுந்து கதவில் மோதினான். மரம் அசையவில்லை. தோளால் இடித்தான், கட்டையால் அடித்தான். அந்தச் சத்தம் அவன் காதைத்தான் அடைத்தது. கத்தினாலும் கேட்க அக்கரைக்கு இப்புறம் ஒரு வீடு கிடையாது.

சாளரத்துக்கு ஓடி வந்தான். அந்தப் பக்கம் மாபசேகா கறுப்புத் துணியை அவிழ்த்து மடித்து அடுப்போரம் வைத்துவிட்டு, பூப்போட்ட போர்வையைத் தோளில் போட்டு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். காலடியில் மூட்டை.

"கதவத் திற," என்றான். அவள் திரும்பவில்லை. "அண்ணி, சொன்னாக் கேளுங்க. இந்தக் குதிரைய வச்சுக்கிட்டு ராத்திரி ராத்திரி எங்கதான் போய்ட்டு வந்தீங்க?"

மாபசேகா மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தாள். கம்பி வழியாகக் குதிரையின் மூக்கை ஒருமுறை தடவிக்கொடுத்தாள்.

"அது எங்கயும் போகல, தம்பி. போறது நான்தான்."