நீலத் தாள்

“இட்லியா? வயித்துக்குள்ள போனா அது ஆசிட்டும்மா!” என்று மகளிடம் சொல்லிவிட்டு மாணிக்கவேல் வெள்ளரிக்காயை நறுக்கென்று கடித்தார். அவ்வளவுதான், அவர் மனைவி கற்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அவள் தோள்கள் குலுங்கின.

பவித்ராவுக்கு மனசு கேட்கவில்லை. பாவம் அம்மா, தெருவே மெச்சும் கைப்பக்குவம் கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

பட்டு நூலுக்குச் சாயம் போடும் அப்பா, ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, உடம்பில் ஆசிட்டே சேரக்கூடாதென்று ஆல்கலைன் சாப்பாட்டில் இறங்கி ஒரு மாதமாகிறது. அதிலிருந்து காலையில் அடுப்பே பற்றவைப்பதில்லை. இட்லி ஆசையோடு ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தவளுக்கு ஊறவைத்த பயறுதான் கிடைத்தது. கெமிஸ்ட்ரி படிக்கிறவள் சும்மா விடுவாளா?

“அப்பா, நூல் வேகவைக்கிற சோடாத் தண்ணியும் ஆல்கலைன்தானே? அதுல ஆசிட் ஊத்தினா என்ன ஆவும்?”

“சோடா செத்துப்பூடும்.”

“வயித்துல இருக்கறதும் ஆசிட்தாம்ப்பா. நீ என்ன ஆல்கலைன் சாப்ட்டாலும் உள்ள போனா அதே கதிதான். ஆசிட் கொறைஞ்சா வயிறே மறுபடியும் சுரந்துக்கும்.”

“அப்புறம் எப்படி டெய்லி என் எச்சில்ல பேப்பர் நீலமாவுது?” சாயத் தொட்டியைச் சோதிக்கும் தாளைத்தான் சொன்னார். “ஆசிட்டுன்னா செவப்பு, ஆல்கலைன்னா நீலம். பேப்பர் பொய் சொல்லாதும்மா.”

“இன்னிக்கி நீலம் வரலன்னா நாளையிலேர்ந்து இட்லி. சரியா?”

“சரி. கற்பகம், ஜல்தி டம்ளர எடுத்தா!”

உள்ளே கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு, அவருக்கென்றே தனியாக வைத்திருக்கும் டம்ளரைக் கற்பகம் கொண்டுவந்தாள். மாணிக்கவேல் அதில் துப்பினார். காலேஜிலிருந்து கொண்டுவந்த புதுத் தாளைப் பவித்ரா தன் கையாலேயே நனைத்தாள்.

பளிச்சென்று நீலம்.

“எங்கிட்டயேவா?” என்று மீசையைத் தடவிக்கொண்டு மாணிக்கவேல் சாயப்பட்டறைக்குக் கிளம்பினார்.

தொங்கிப்போன முகத்தோடு பவித்ரா சமையலறைக்குப் போனாள். “அழுவாதம்மா. சாயந்தரம் அப்பாகிட்ட மறுபடியும் பேசறேன்.”

கற்பகம் திரும்பினாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“ஏண்டி பேஜார் பண்ற? கல்யாணம் ஆனதிலேர்ந்து இந்த ஒரு மாசமாத்தான் விடிஞ்சப்புறமும் தூங்கிகினு இருக்கேன். பேசறத வுட்டுட்டு, பட்டறையிலேர்ந்து சோடா கொஞ்சம் எடுத்தா. டம்ளர்ல தடவறதுக்குத் தீந்துபோச்சு!”