ஈறின் நிறம்

வெடிகுண்டு தேடி மேடையை மூன்றாம் முறை முகர்ந்து வந்த மோப்பநாய் டயானா, கொதிக்கும் தரையில் தள்ளாடி உட்கார்ந்தது. நாய்ப்படைக் காவலர் ஞானசிகாமணி அதன் உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் இரத்தம் ஓடிவந்து சிவக்க வேண்டும். ஐந்துவரை எண்ணியும் சிவக்கவில்லை.

"ஐயா, இன்னும் ஓடவிட்டா செத்துரும்."

"காலையிலயே நாய் 'நலம்'னு பதிவேட்டுல எழுதிட்டேன்யா. அமைச்சர் வர்ற நேரம், இன்னொரு சுத்து விடு," என்றார் ஆய்வாளர்.

"எழுதுறப்ப ஈறைப் பாத்தீங்களாய்யா?"

"திமிரு கூடிப்போச்சு உனக்கு."

ஞானசிகாமணி டயானாவின் வாரைக் கழற்றி ஆய்வாளர் கையில் திணித்தார். குடத்துத் தண்ணீரை அதன் வயிற்றில் ஊற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"அப்ப நீங்களே மோந்து பாருங்கய்யா."