நாலாவது றோமன் தூண்

அப்பா அந்தத் தூணை விட்டு அசையவே இல்லை.

முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி நின்றார்.

றொஜன் அத்தான் போனைத் தூக்கிப் பிடித்தபடி மூன்றாம் தரமும் கேட்டார். மாமா கொஞ்சம் விலகினால் நல்லது. அப்பா விலகவில்லை. வெயிலுக்கு இதுதான் நிழல் என்றார். நிழல் மற்றப் பக்கம் விழுந்திருந்தது.

சாட்டிக் கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கப் புறப்பட்ட பயணம் இது. கூடாரம் இத்தாலியிலிருந்து வந்தது. பெரியம்மாவின் மகள் பிரியவதனி அக்காவும், அவளைக் கட்டிய றொஜன் அத்தானும் அதோடு வந்தார்கள். கூடாரத்துக்கு முளை அடிக்க ஆள் வேண்டுமென்று, மேசன் வேலைக்குப் போகாமல் அப்பாவும் வாடகை வானில் ஏறிவிட்டார்.

வழி முழுக்க இரண்டு பேரும் பீற்றல். தங்கள் ஊரில் கக்கூசுக்குக் கிடங்கு வெட்டினாலும் றோமன்காரன் கட்டினதுதான் வருமாம். இங்கே என்ன கிடக்கிறது என்று கேட்டார்கள்.

எனக்கு விசர் வந்தது. வானை, இந்தத் தூண்கள் நிற்கிற சுருவில் ஊர்ப் பக்கம் திருப்பச் சொன்னேன்.

வான் நிற்க முதலே அப்பா குதித்து இறங்கிவிட்டார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேலை இல்லாத முதல் பட்டதாரியும் நான்தான். என் கடைசி வருட ஆய்வேடு இந்தத் தூண்களைப் பற்றியது. கடல் வழியாக வந்த றோமன் வணிகர்கள் தங்கிய மண்டபம் என்று எழுபத்திரண்டு பக்கம். மேலிருந்து கீழே வரிவரியாகப் பள்ளம் ஓடுகிற தூணை எங்கள் ஊரில் வேறு யார் செய்வான்?

அந்த நாளில் காணி முழுக்கப் பற்றை. பாம்புக்குப் பயந்து வேலிக்கு வெளியே நின்றுதான் படம் எடுத்தேன். பக்கத்து வீட்டாரைக் கேட்டுப் பார்க்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். கேட்கவில்லை. அதுகளுக்கு றோமைப் பற்றி என்ன தெரியும்?

ஆய்வேட்டை வீட்டில் வாசித்துக் காட்டிய அன்று அப்பா சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தார். பெருமையில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

இப்போது யாரோ பற்றையை வெட்டியிருந்தார்கள். நாலு தூணும் அடிவரை தெரிந்தன. அத்தானே பீற்றலை விட்டுவிட்டுப் போனை எடுத்தார். அவர் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்கு வெள்ளிக்கிழமைகளில் ஒரு பேராசிரியர் வருவாராம். ஆய்வேட்டை அவர் சாப்பிடுகிற மீனோடு சேர்த்து மேசையில் வைத்தால், எனக்கு அங்கே மேற்படிப்புக்கு இடம் உறுதியாம். கிட்ட நின்று எடுத்த படம் ஒன்று மட்டும் வேண்டும். மூன்று தூண்களில் பூச்சு உதிர்ந்துவிட்டது. வரி முழுதாக இருந்தது நாலாவதில்தான்.

அதில்தான் அப்பா சாய்ந்து நின்றார்.

"சித்தப்பா என்ன தூணுக்குக் காவலோ, வினோஜா?" என்றாள் அக்கா.

மூன்று வருடம் வேலைக்கு அலைந்த எரிச்சல் எல்லாம் எனக்குத் தலைக்கு ஏறியது. போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு மனுசனால் பெற்ற பிள்ளையின் படிப்பைக் கெடுக்க ஏலுமென்றால் இப்படித்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவர் ஓரடி விலகினார்.

முதுகு இருந்த இடத்தில், சீமெந்தில், ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக. கீழே ஆணியால் கீறிய எழுத்து: வினோஜா, 2003.

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"நான் பனைமட்டையாலை வரி இழுத்துப்போட்டு, சீமெந்து காயேல்லை, தொடாதை எண்டு நாலுதரம் சொன்னனான். நீதான் கேக்கேல்லை."

அத்தான் போனோடு கிட்ட வந்தார்.

அப்பாவைப் பழைய இடத்துக்கே தள்ளினேன். அவர் முதுகு மட்டும் மறைக்கக் காணாது என்று நானும் பக்கத்தில் சாய்ந்து நின்றேன்.

படம் நன்றாக வந்தது. தூண்தான் தெரியவில்லை.