மிஞ்சிய மொச்சை

"இதுக்குப் பேரு குதிரையா? கழுதைக்குக் காதை வெட்டி விட்ட மாதிரி இருக்கு" என்றார் கிழ ஓவியர் அந்தெல்ம், எல்லோர் காதிலும் விழும்படி.

லூவர் அரண்மனையில் ஓவியர் சபை கூடியிருந்தது. உறுப்பினராகச் சேர லாம்பேர் வரைந்துகொண்டு வந்த, ராஜா குதிரைமேல் அமர்ந்த படத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். இரவல் வெல்வெட் அங்கியில் லாம்பேர் தலைகுனிந்து நின்றான்.

"பின்னங்காலைத் திருத்துடா. ராஜா மூக்கை மட்டும் நல்லா சின்னதாக்கிட்டே. காக்கா பிடிக்கத் தெரியுது, கால் போடத் தெரியல."

கேட்கக் கேட்கச் சபை உறுப்பினர் கஸ்பாருக்குத் தேனாக இனித்தது. ஆனால் எழுந்துபோய் லாம்பேரின் தோளில் கை போட்டார்.

"கிழம் அப்படித்தான் பேசும். நீ மனசுல வச்சுக்காதே. உன் கைக்கு பாரிஸ்லயே ஆள் கிடையாது."

"நீங்க ஒருத்தர் சொன்னா போதும்ணே."

இருவரும் ஒரே பட்டறையில் வண்ணம் அரைத்தவர்கள். கஸ்பார் இன்னமும் பிரபுக்களின் வேட்டை நாய்களை வரைந்துகொண்டிருக்கிறார். நேற்று வந்த லாம்பேரின் படமோ ராஜாவின் கண்ணில் பட்டுவிட்டது. சபை ஏற்றுக்கொண்டால் அவன்தான் அரசவை ஓவியன், லூவரிலேயே வீடு என்று ராஜா இருக்கும் வெர்சாயிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். சபை வேண்டாம் என்றால், பழையபடி கடைப் பலகைக்கு வண்ணம் பூசப் போகவேண்டியதுதான்.

வீடும் லூவரில்! கஸ்பாருக்கு வயிறு எரிந்தது.

லாம்பேரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஆளுக்கு இரண்டு மொச்சைக்கொட்டை கொடுத்தார்கள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. சம்மதம் என்றால் வெள்ளையைப் பெட்டிக்குள் போடவேண்டும், இல்லையென்றால் கறுப்பை. மிஞ்சியதை யாரும் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வது சபை வழக்கம்.

"தங்கமான பையன்" என்றார் ஒருவர்.

"ராஜாவே ஆசைப்படறார். நாம குறுக்க நிக்கலாமா?" என்றார் இன்னொருவர்.

"என் கூடப்பிறக்காத தம்பி" என்றார் கஸ்பார்.

எல்லோரும் வெள்ளைதான் போடப்போகிறார்கள். நடுவில் நம்முடைய ஒரு கறுப்பு விழுந்தால் என்ன குடியா முழுகிவிடும்? அவன் பதவி அவனுக்கு, நம் எரிச்சலும் கொஞ்சம் அடங்கும். கஸ்பார் கறுப்பைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

செயலாளர் பெட்டியைக் கவிழ்த்தார்.

மேஜை முழுக்கக் கறுப்பு. ஒரே ஒரு வெள்ளை.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தங்கமான பையன் என்றவர் தன் பொய்முடியைச் சரிசெய்துகொண்டார்.

கதவைத் திறந்து முடிவைச் சொன்னார்கள். லாம்பேர் படத்தைத் தூக்கிக்கொண்டான். பிறகு கஸ்பாரிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அந்த ஒரு வெள்ளை நீங்க போட்டதுதானேண்ணே? எனக்குத் தெரியும்."

கஸ்பாரின் கையில் முத்தமிட்டுவிட்டுப் போனான்.

அவன் படியிறங்கியதும் கஸ்பாரின் கோபமெல்லாம் அந்தெல்ம் மேல் திரும்பியது.

"இப்ப திருப்திதானே ஐயா? உங்க வாயாலதான் அந்தப் பையன் பிழைப்புல மண் விழுந்தது."

அந்தெல்ம் பையைத் துழாவி, தன்னிடம் மிஞ்சிய மொச்சையை மேஜைமேல் வைத்தார். கறுப்பு.

"அவன் குறையை எல்லாம் அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லித் தீர்த்துட்டேன்யா. பெட்டியில போட என்கிட்ட ஒண்ணும் பாக்கி இல்ல."