அந்த ஒரு காட்சி

“இந்தப் படம் வெளிய வரக் கூடாது. அவ்வளவுதான்!”

ரஜிதா கைப்பையை மேசைமேல் போட்ட வேகத்தில் தேவனின் கோப்பி பாதி சிந்திவிட்டது.

ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது அந்த எடிட்டிங் அறை. இயக்குநர் தேவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. செமோர் பக்கம் தோட்டத்தில் பிறந்த பிள்ளை, முதல் படம், வெள்ளிக்கிழமை வெளியீடு. காலையில் ரஜிதா போன் செய்து ‘வக்கீல் நோட்டீஸ்’ என்று சொன்னதிலிருந்து பாவம், அவன் வேறு வேலை எதையும் தொடவில்லை.

“உக்காந்து பேசலாம்லா அக்கா. ஆன்ட்டி, நீங்களும் உக்காருங்க.”

ரஜிதாவின் அம்மா அன்னபாக்கியம் உட்கார்ந்தார். ரஜிதா உட்காரவில்லை. குனோங் ராபாட்டிலிருந்து கார் ஓட்டி வந்த வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சண்டை அது. உட்கார்ந்துகொண்டு போட முடியுமா என்ன?

“மாணவி புகார் கொடுக்கறா, பேராசிரியர் பேரு நாறிப் போவுது. இது யாரு கதைன்னு ஊருக்கே தெரியும். உங்க டிரெய்லர் வந்த அன்னிக்கே எங்க சங்கத்து வாட்ஸ்அப்ல, ‘நம்ம ஞானசேகரம் சார் கதை மாதிரி இருக்கே’ன்னு ஒருத்தர் போட்டுட்டாரு. அவரு என் அப்பா!”

“சத்தியமா உங்க அப்பாவை எனக்குத் தெரியாதுக்கா. நானா யோசிச்சு எழுதின கதை. இப்ப நிறுத்தச் சொன்னா ரொம்ப சூசாலா. தியேட்டரெல்லாம் புக் பண்ணியாச்சு.”

“உங்க கஷ்டம் உங்களுக்கு. என் அப்பா பேரு எனக்கு.”

அவள் கோபத்துக்கும் காரணம் இருந்தது. ஞானசேகரம் காம்பாரில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது மாணவி ஒருத்தி அவர்மேல் புகார் கொடுத்தாள். அன்னபாக்கியமே விசாரணைக்குப் போய், “என் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை” என்று சொல்லிவிட்டு வந்தார். ஆதாரம் இல்லையென்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அந்தப் பெண் படிப்பையே விட்டுவிட்டுப் போனாள். போன வருடம் ஞானசேகரமும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மகளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

“ஞாயித்துக்கிழமை சங்கத்துல கூட்டம். பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கற படிப்புப் பரிசுக்கு அப்பா பேரை வைக்கப் போறாங்க. ஒரு வருஷமா நான் ஆள் ஆளாப் பாத்துப் பேசி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை உங்க படம் வந்தா, ஞாயித்துக்கிழமை எவன் கை தூக்குவான்? செத்துப் போனவரு எழுந்து வந்து பதில் சொல்லுவாரா? அந்தப் பொண்ணு சொன்னது பொய். பச்சைப் பொய்!”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தேவன் தண்ணீர் போத்தலை நீட்டினான்.

“படத்தை ஒரு தடவை பாருங்களேன்க்கா. இப்பவே போடறேன். பாத்துட்டு என்ன வேணாலும் திட்டுங்க.”

“எனக்கு வேண்டாம்!”

முதல் தடவையாக வாய் திறந்தது அன்னபாக்கியம். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனாலும் பேச்சில் யாழ்ப்பாண வாடை அப்படியே இருந்தது.

“பாக்கிறதுக்கு எனக்குத் தைரியம் இல்லை தம்பி. நீங்கள் படத்தை நிப்பாட்டவும் வேண்டாம். எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்திருப்பீங்கள்.”

“அம்மா! என்ன பேசறீங்க?”

“பொறு பிள்ளை.” தேவனிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “ஒரே ஒரு காட்சியை மட்டும் எடுத்து விடுங்கோ. மற்றதெல்லாம் இருக்கட்டும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

தேவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு காட்சிதானே! இந்த மட்டும் விட்டதே என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

“சொல்லுங்க ஆன்ட்டி, எந்தக் காட்சி?”

அன்னபாக்கியம் மகள் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அந்தப் பிள்ளை கட்டுரையைத் திருத்தி வாங்க வந்து நிக்கும். அவர் ரேடியோவைப் பெரிசாக் கூட்டி வைப்பார். பிறகு எழும்பிப் போய், ஜன்னல் கண்ணாடியளை ஒவ்வொண்டா இறக்கிச் சாத்துவார். அது கதவைப் பாக்கும். ‘ஏன் பயப்பிடுறாய், என்னை உன்ர அப்பாவுக்கு நல்லாத் தெரியும்’ எண்டு சிரிப்பார்... அது வேண்டாம் தம்பி. அதைச் சனங்கள் பாக்கக் கூடாது.”

தேவன் ஒன்றும் எழுதவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று திரைக்கதையைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தான்.

“ஆன்ட்டி, அப்படி ஒரு காட்சி எங்க படத்துல இல்லையே. அவங்க ரெண்டு பேரும் தனியா ஒரு ரூம்ல இருக்கற மாதிரியே நான் எடுக்கல. எல்லாமே அவரு அவளுக்குப் போன்ல அனுப்பற மெசேஜ்தான்.”

அன்னபாக்கியம் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

ரஜிதாவுக்கு ரத்தம் கொதித்தது. “விசாரணையில அவ இப்படியெல்லாமா சொன்னா? ரேடியோ, ஜன்னல்னு என்னமா ஜோடிச்சிருக்கா! ஏம்மா இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?”

“அவள் என்ன சொன்னாள் எண்டு நான் கேக்கவே இல்லை பிள்ளை,” என்றார் அன்னபாக்கியம். “கேட்டிருந்தா அங்க போய் என்னால பொய் சொல்லியிருக்க ஏலாது. இது எனக்கு நடந்தது. அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. வெளிய தெரிஞ்சா குடும்ப மானம் போயிடும் எண்டு, அடுத்த மாசமே என்னை அவருக்கே கட்டி வச்சிட்டினம்.”