காய்ச்சல் கண்ட வண்டி
"உடம்பு கொதிக்குதுய்யா" என்று நேற்று செல்லியம்மாள் சொன்னாள். "மாத்திரை போட்டுக்கினு படு" என்றான் மணவாளன், திரும்பாமலே. இன்று, கும்மிடிப்பூண்டி மண்பாதைகளில் ஓட்டும் குட்டி மோட்டார் சைக்கிளின் சைலன்சர் கொதிக்கிறது என்று காலையிலிருந்து அதன்முன் மண்டியிட்டிருக்கிறான். தண்ணீர் தெளிக்கிறான், புஸ்ஸென்று ஆவி எழும்போது தனக்கே சுட்டதுபோல் முகம் சுளிக்கிறான். கண்ணை மூடி, ஓடும் என்ஜினின் கார்புரேட்டர் ஓரம் காதை வைக்கிறான். இருவருக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம். அந்தப் பின்சீட்டில் செல்லியம்மாள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. "கார்புரேட்டர் பேக்கிங் கிழிஞ்சி காத்து உள்ள பூருது, பெட்ரோல் பத்தல. அதான் இவ்ளோ சூடு!" என்று சிரித்து, வெயிலில் மின்னும் டேங்கைத் தட்டிக்கொடுக்கிறான். அவள் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகுகிறாள். "சரிபண்ணிட்டு, என்னைப் பின்னாடி ஏத்திக்கினு பழவேற்காடு வரைக்கும் போய்யா."